மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்: தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான கிட் (கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அடிக்கடி வரும் சிக்கல்கள்' என்ற கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மாற்றத்தைப் பதிந்துவைக்கும் கமிட்டுக்குப் 'பதிவு', தனியாகப் பிரிந்து வேலை செய்யும் பிராஞ்சுக்குக் 'கிளை', இரண்டு கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜுக்கு 'இணைப்பு' என்று வைத்தாயிற்று. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டுக்குத்தான் ஒரு சொல்லும் பொருந்தவில்லை.

போன ஆண்டுக் கையேட்டில் 'இணைப்பு மோதல்' என்று இருந்தது. அதைப் படித்த பிள்ளைகள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். ஃபோல்டரையே அழித்துவிட்டு சர்வரிலிருந்து மறுபடி முழுப் பிரதி எடுக்கிறார்கள் (குளோன்). அதோடு புஷ் செய்யாத, அதாவது சர்வருக்கு இன்னும் அனுப்பாத, பதிவுகளும் போய்விடுகின்றன. உண்மையில் நடப்பது இவ்வளவுதான்:

<<<<<<< ஹெட்
கட்டணம் = 450
=======
கட்டணம் = 500
>>>>>>> புதிய-கட்டணம்

ஒரே வரியை இரண்டு கிளைகளில் இரண்டு விதமாக மாற்றியிருக்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது என்று கிட் கேட்கிறது. வேண்டியதை வைத்துக்கொண்டு, குறிகள் உள்ள மூன்று வரிகளையும் நீக்கி, கோப்பை ஆட் செய்து பதிந்தால் முடிந்தது. பயமுறுத்தாத ஒரு சொல் கொடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, மெர்ஜுக்கு 'இணைப்பு' என்று வைத்ததிலேயே எனக்கு உடன்பாடில்லை. இரண்டு சொற்கள் சேர்வதற்குப் 'புணர்ச்சி' என்று நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு, மாற்றத்தோடு சேர்ந்தால் விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரமும் மூன்று. நீங்கள் காட்டிய கோப்பில் நடப்பதும் அதுதானே? ஒரு வரி தோன்றுகிறது, ஒரு வரி திரிகிறது, ஒரு வரி கெடுகிறது. நன்னூல் 151ஆம் நூற்பாவைப் பாருங்கள்: 'நிலைவரு மொழிகள் இயல்பொடு விகாரத்து இயைவது புணர்ப்பே.'

தீர்வுக்கும் சொல் இருக்கிறது. இரண்டு உயிர்கள் ஒட்டாமல் நிற்கும்போது நடுவில் ய் அல்லது வ் வந்து ஒட்டவைக்கிறது. அது உடம்படுமெய். நிலைமொழியிலும் இல்லாதது, வருமொழியிலும் இல்லாதது. கட்டணம் 450ஆ 500ஆ என்ற கேள்விக்கு இருவரும் பேசி 475 என்று எழுதினால், அது உடம்படுமெய் அல்லாமல் வேறென்ன? ரிசல்யூஷனுக்கு 'உடம்படுத்தல்' என்று வையுங்கள். உடம்பு + அடு என்று பிரிப்பாரும் உண்டு, உடன்படு என்பதன் திரிபு என்பாரும் உண்டு. எனக்குப் பின்னதே சரி. விளக்கமாக நாளை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, உங்கள் விளக்கம் மிக அழகு. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் 'புணர்ச்சி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அந்த ஆசிரியை மேற்கொண்டு ஒரு வரி நடத்த முடியாது.

என் கருத்து வேறு. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்றே தமிழெழுத்தில் எழுதுங்கள். திரையில் வரும் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதைப் படித்து, அந்தச் சொற்களையே கூகுளில் போட்டுத் தேடித்தான் பையன் தப்பிக்க வேண்டும். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் 'உடம்படுத்தினேன்' என்றால் யாருக்குப் புரியும்? சொல்லை விட வழி முக்கியம். ஒன்றும் புரியாவிட்டால் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' கொடு, இணைப்பு தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்குப் போய்விடுவாய் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். ஃபோல்டரை அழிப்பது அதோடு நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நான் 'பிணக்கு' எண்டு முன்மொழிகிறேன். இலங்கையில் இது சட்டத்திலேயே புழங்குகிற சொல்: கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். தமிழ்நாட்டில் இதையே தொழில் தகராறு என்கிறீர்கள். தகராறு என்றால் சண்டை. பிணக்கு பேசித் தீர்க்கிற விஷயம். மாணவர்கள் பயப்படுகிறார்கள் என்றால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

கும்பகோணத்திலிருந்து:

யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. நல்ல சொல். பிணங்குதல் என்றால் மாறுபடுதல் மட்டுமில்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும்தான். மூங்கில் பிணங்கிய காடு என்பது போல. பிணை, பிணி, பின்னு எல்லாம் ஒரு குடும்பம். இரண்டு கிளைகள் பின்னிக்கொண்டு, அதனாலேயே மாறுபட்டும் நிற்கின்றன; இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. புணர்ச்சியை நான் விட்டுவிடுகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரே வரிக்கு இரண்டு வடிவம் இருப்பது நமக்குப் புதிதில்லை. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் அதைப் பாடபேதம் என்றார்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் பல ஏடுகளை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டாரே, அது இந்த வேலைதான்.

சென்னையிலிருந்து:

பாடபேதத்தை நானே ஆதரிக்கலாம் போலிருக்கிறது. கிட்டில் டிஃப்3 என்று ஓர் அமைப்பு உண்டு. அதை வைத்தால் இரண்டு வடிவங்களுக்கும் நடுவில், இருவரும் மாற்றுவதற்கு முன்பிருந்த வரியையும் காட்டும். முதலில் 400 என்று இருந்தது தெரிந்தால், யார் எதற்காக மாற்றினார்கள் என்று ஊகிக்கலாம். அந்த நடு வரிக்கு 'மூலபாடம்' என்று தாராளமாக எழுதலாம். ஆனால் 'பேதம்' வடசொல் என்று நாளைக்கே ஒருவர் வருவார்.

பிணக்கு வேண்டாம். வகுப்பில் உரக்கச் சொல்லிப் பாருங்கள், முதல் இரண்டு எழுத்தில் பிணம்தான் காதில் விழுகிறது.

சிங்கப்பூரிலிருந்து:

அந்த ஒருவர் நானேதான். 'பாட வேறுபாடு' என்றால் போதுமே. பாடமும் வடசொல்தான் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேரம் நெருங்குகிறது, ஆனால் இன்னொரு சிக்கல் வந்துவிட்டது. ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள '--அவர்ஸ்', '--தெய்ர்ஸ்' என்று இரண்டு தெரிவுகள் உண்டு. 'நம்முடையது' என்று எழுதினால் எதிராளியும் அதில் சேர்ந்துவிடுகிறார். 'எங்களுடையது' என்று மாற்றினேன். என் பதிவுகளை வேறொரு கிளையின் மேல் மாற்றி வைக்கும் ரீபேஸில் அதுவும் தலைகீழாகிறது. அங்கே கிட் முதலில் மற்றவர் கிளையின் நுனியில் போய் நின்றுகொண்டு, என் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. அதனால் 'அவர்ஸ்' கொடுத்தால் மற்றவருடையது வருகிறது, என்னுடையது போகிறது. இதில் மாட்டி, எழுதியதைத் தொலைத்தவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, இதற்கு விடை முதல் மடலிலேயே இருக்கிறது. நிலைமொழி, வருமொழி. யாருடையது என்ற கேள்வியே இலக்கணத்தில் இல்லை. எது நிற்கிறது, எது வந்து சேர்கிறது என்பதே கேள்வி. நின்றுகொண்டிருப்பது நிலைக்கிளை, வந்து சேர்வது வருகிளை.

சென்னையிலிருந்து:

ஐயா, ரீபேஸிலும் இது சரியாக வருகிறது. கிட் எந்த நுனியில் நிற்கிறதோ அது நிலைக்கிளை. என் பதிவுகள் அங்கே வந்து சேர்வதால் அவை வருகிளை. ஆங்கிலத்தில் எங்களை இத்தனை ஆண்டு குழப்பியது தமிழில் குழப்பாது. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடும் 'கரன்ட்', 'இன்கமிங்' என்று இதே வழியில்தான் போகிறது. இந்த ஜோடிக்கு என் முழு ஆதரவு. கான்ஃப்ளிக்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து:

சரி, முடித்துவிட்டேன். நிலைக்கிளை, வருகிளை, மூலபாடம் மூன்றும் கையேட்டில் ஏறிவிட்டன. தலைப்பில் 'இணைப்புப் பிணக்கு', அதன் கீழே ஒரு முறை மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பிணக்குக்கு நான்கு பேர், தனிமடலில் வந்த 'முரண்' என்ற சொல்லுக்கு இரண்டு பேர், ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பேர். ரிசல்யூஷனுக்குத் 'தீர்த்தல்' போதும். ஐயா மன்னிக்க வேண்டும். அபார்ட் கட்டளை முதல் பக்கத்தில், கட்டம் கட்டி.

யாழ்ப்பாணத்திலிருந்து:

மகிழ்ச்சி. ஒரு சந்தேகம்: நிலைக்கிளையில் ஏன் க் மிகுகிறது? வருகிளை வினைத்தொகை என்றால், நிலைத்த கிளை, நிலைக்கும் கிளை என்று விரியும் இதுவும் வினைத்தொகைதானே? நிலைகிளை என்றல்லவா வர வேண்டும்?

கும்பகோணத்திலிருந்து:

இல்லை நண்பரே, இங்கே நிலை பெயர்ச்சொல். தொல்காப்பிய உரைகளிலிருந்து சான்றுகள் எடுத்து இரவுக்குள் எழுதுகிறேன். அம்மா, அதுவரை அச்சுக்கு அனுப்பாதீர்கள். 'தீர்த்தல்' பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.