புதுப்பிப்பு: டேபிள் ராக் ஏரியில் அக்டோபர் மீன்பிடிப் போட்டி முடிந்தது

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து டேபிள் ராக் ஏரியில் இலையுதிர்காலத்தில் பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனை எங்கே தேடுவது, அணைப்பக்க ஆழத்திலா, ஓடைகளுக்கு உள்ளேயா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஓடைக்குள் போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதுதான் சரி.

காலையில் இரண்டு மணி நேரம் அணைப்பக்கம், மூழ்கிய மரங்களின் மேலேயே போனது. ஒரு கடி கூட இல்லை. குளிர்ந்த மேல்நீர் கனத்து இறங்கி, ஆக்சிஜன் குறைந்த அடிநீரோடு கலக்கும் பருவம் இது. ஆழத்தை நம்ப வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஏரியில் சேரும் லாங் கிரீக் ஓடைக்குள் ஏறினேன். உள்ளே போகப் போக நீர் லேசாகக் கலங்கியிருந்தது. தூறல் விழுவது போல பாஸுக்கு இரையாகும் ஷாட் மீன் குஞ்சுகள் மேற்பரப்பைக் குத்திக்கொண்டிருந்தன. சரளைக்கல் கரை, இடுப்பளவு ஆழம். நீர்மேல் ஓடும் செயற்கை இரையை வீசினேன். மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. என்ன அழகு!

போட்டியின் ஐந்து மீன் வரம்பில் நான்கு கிடைத்தன. ஐந்தாவது, குறைந்தபட்ச நீளமான 15 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. வாலைச் சேர்த்துப் பிடித்து இரண்டு முறை அளந்தேன், விட்டுவிட்டேன். எடை பார்த்த நான்கும் உயிரோடு ஏரிக்குத் திரும்பின.