ராத்திரியில் 'டிக் டிக்' சத்தம், உடைந்த நத்தைகள்: லைவ் ராக்கோடு வந்தது என்ன பிராணி?

பாயான்_ரீஃப்:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸ். 3 அடி உப்புத்தண்ணீர்த் தொட்டி. போன மாதம் தீவில் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் 8 கிலோ லைவ் ராக் (உயிரிகள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) வாங்கி வந்தேன். ஊதா நிறக் கோரலின் பாசி நன்றாகப் படர்ந்திருந்தது, அழுகல் வாடை இல்லை, விலையும் கடையில் கேட்பதில் பாதிதான், அதனால் யோசிக்காமல் தொட்டியில் வைத்துவிட்டேன். இப்போது விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'டிக் டிக்' என்று இரண்டு, சில நாள் விடியும் வரை. ஹாலில் படுத்தால் தூக்கமே வராது. பாசி தின்பதற்காக விட்ட டர்போ நத்தைகளில் பாதியைக் காணோம், பாறை அடியில் ஓட்டுச் சில்லுகள் கிடக்கின்றன.

இதோடு முடியவில்லை. சாப்பாடு போட்டால் பாறை இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பில் ஒரு புழு வருகிறது, இரண்டு பக்கமும் வெள்ளை முள். பழுப்பு நிறத்தில் கண்ணாடி போன்ற உடம்போடு அனிமோன் மாதிரி ஒன்று, விரலைக் கொண்டுபோனால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்கிறது. பாறையிலேயே ஒட்டிய குட்டிக் குழாய்களும் இருக்கின்றன, அவற்றிலிருந்து சிலந்தி நூல் மாதிரி ஏதோ மிதக்கிறது. எது நல்லது, எது கெட்டது? பேசாமல் பாறையை எல்லாம் எடுத்துப் பெரிய சட்டியில் கொதிக்க வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

செந்தூல்_உப்புத்தண்ணி:

தம்பி, முதலில் அடுப்பை மறந்துவிடுங்கள். கொதிக்க வைக்கவே கூடாது. பாறையில் சோவாந்திட், பாலித்தோவா வகைப் பாலிப்புகள் (பவளத்துக்கு உறவான குட்டி உயிரிகள்) ஒன்றிரண்டு ஒட்டியிருந்தாலும் போதும், அவற்றில் பலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான விஷம் இருக்கிறது, சூட்டில் அது அழியாமல் ஆவியோடு வீட்டுக்குள் பரவும். 2018-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷியரில் ஒருவர் தொட்டிப் பாறையை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யப்போய், அவர் குடும்பமும் உதவிக்கு வந்த தீயணைப்புக்காரர்களும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரஷ் வைத்துத் தேய்ப்பதும் ஆபத்துதான். கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்தப் பாறைகளில் கையே வைக்காதீர்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். இரண்டு பேர்மேல் சந்தேகம். ஒன்று பிஸ்டல் இறால், இன்னொன்று மாண்டிஸ் இறால், அதாவது பாசாரில் நாம் உடாங் லிப்பான் என்று வாங்குகிறோமே அந்தக் கூட்டம்தான், ஆனால் பாறையில் வருவது சின்ன வகை. பிஸ்டல் இறால் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடையும், அந்த உடைவுதான் நமக்குக் கேட்கிற சத்தம். மாண்டிஸ் தன் முன்காலால் அடிக்கும், அந்த வேகத்திலும் அதே மாதிரி குமிழி உடையும். மயில் மாண்டிஸின் அடி நொடிக்கு 23 மீட்டர் வரை போகிறது என்று 2004-இல் அளந்திருக்கிறார்கள். அதனால் வெறும் சத்தத்தை வைத்து இதுதான் என்று அடித்துச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

நத்தை ஓட்டைப் பாருங்கள். பிஸ்டல் இறால் பொதுவாக டர்போ ஓட்டை உடைத்துத் தின்கிற ஆள் இல்லை. சில்லைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கிள்ளான்_நண்டு:

நண்டையும் விட்டுவிடாதீர்கள். நண்டு நத்தை ஓட்டை வாய்ப்பக்கத்து விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டே போகும், விளிம்பு பல் பல்லாக இருக்கும். மாண்டிஸ் என்றால் ஓட்டின் நடுவிலேயே துளை, இல்லையென்றால் முழுதும் சில்லு சில்லு. ஓடு முழுசாக இருந்து உள்ளே காலி என்றால் துறவி நண்டு, அதாவது நத்தை ஓட்டில் குடியிருக்கிற நண்டு. உடம்பெல்லாம் முடி, கொடுக்கு நுனி கறுப்பு என்றால் அந்த நண்டு ரீஃப் தொட்டிக்கு ஆகாது, கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் நீந்துகிற நண்டு, அது இன்னும் மோசம், தூங்குகிற மீனையே பிடிக்கும். ஆனால் நண்டு 'டிக் டிக்' என்று விடிய விடியத் தட்டாது.

இந்தச் சாக்கில் ஒன்று. யாரோ இங்கே பூலாவ் பாயாரிலிருந்து கல் எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தார். அது கடல் பூங்கா ஐயா, 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பவளம் எடுப்பது குற்றம். வேண்டாம்.

பாகான்_அக்கா:

நான் மற்ற மூன்றைச் சொல்கிறேன், இறாலை அண்ணன்மார் பார்த்துக்கொள்ளட்டும்.

புழுவை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது பிரிஸ்டில் புழு. மிச்ச உணவையும் செத்ததையும் தின்றுகொண்டு இருக்கும், நீங்கள் அதிகமாகப் போட்டால் அதுவும் பெருகும், குறைத்தால் தானாகக் குறையும். பலர் இதைப் பார்த்ததும் அலறிப் பிடுங்குகிறார்கள், எனக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முள் உடைந்து தோலில் நின்றுவிடும், அப்படிக் குத்தினால் தேய்க்காமல் ஒட்டு டேப்பை அழுத்தி உரியுங்கள். தலையில் ஐந்து மீசை, உடம்பில் வானவில் பளபளப்பு என்றால் மட்டும் கூப்பிடுங்கள். அது யூனிசிட் வகை, தாடை உள்ளது, மீனையே பிடித்துத் தின்கிற பாபிட் புழுவும் அந்தக் குடும்பம்தான்.

கண்ணாடி உடம்பு அனிமோன்தான் உண்மையான தலைவலி. ஐப்டேசியா. கத்தியால் சுரண்டினால் ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு துண்டும் புதிதாக ஒன்றாகும். பம்பை நிறுத்துங்கள், கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அதன் வாயில் மெதுவாக வையுங்கள். விழுங்கிவிட்டுச் சுருங்கும். ஒரே நாளில் நிறைய செய்தால் பிஹெச் ஏறிவிடும், நாளுக்கு இரண்டு மூன்று போதும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதேதானே என்று லிட்டில் இந்தியாவில் டப்பா வாங்கிப் போட்டுவிடாதீர்கள், நிறமும் வாசனையும் கலந்திருக்கலாம், சுத்தமான பொடியாக வாங்குங்கள். மீன் வேண்டுமென்றால் ஐப்டேசியா தின்கிற ஃபைல்ஃபிஷ் இருக்கிறது, சில சமயம் பவளத்தையும் கொறிக்கும்.

குழாய் என்பது வெர்மெட்டிட் நத்தை. அந்த நூல் அதன் சளி வலை, பவளத்தின்மேல் பட்டால் பவளம் விரியாது. குழாய் நுனியை ஒடித்து ஜெல் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து அடையுங்கள். அவ்வளவுதான்.

பாயான்_ரீஃப்:

நன்றி அண்ணே, அக்கா. நேற்று டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் சுற்றிக் காத்திருந்து பார்த்தேன். இடது மூலைப் பாறையில் உருண்டையாக ஒரு ஓட்டை, வாசலில் நத்தைச் சில்லு குவியலாக இருக்கிறது. முதலில் காம்பில் இரண்டு கண், ஒன்று என்னைப் பார்க்கிறது, மற்றது வேறு பக்கம் திரும்புகிறது. அப்புறம் கரும்பச்சை உடம்பு பாதி வெளியே வந்தது, முன்கால் மடித்து வைத்திருந்தது. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கிடைத்த ஓடுகளில் ஒன்றில் நடுவில் ஓட்டை. கண்ணாடியை உடைத்துவிடுமா?

செந்தூல்_உப்புத்தண்ணி:

அடித்து உடைக்கிற மாண்டிஸ்தான், சந்தேகமே இல்லை. அந்த அளவுக்கு உங்கள் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, பெரிய மயில் மாண்டிஸ் என்றால்தான் யோசிக்க வேண்டும். நத்தையும் இறாலும் சின்ன நண்டும்தான் மிஞ்சாது.

ஓட்டை எந்தப் பாறை என்று தெரிந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது. பகலில் அது உள்ளே இருக்கும்போது அந்த ஒரு பாறையை மட்டும் தூக்கி ஒரு வாளிக்குமேல் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடியுங்கள். சர்க்கரை இல்லாத வெறும் சோடாவை (100 பிளஸ் பானம் இல்லை, அதைப் போடலாமா என்று கேட்பவர் இருக்கிறார்கள்) சிரிஞ்சில் ஓட்டைக்குள் அடியுங்கள், குதித்து வெளியே வரும். வராவிட்டால் இன்னொரு வாளியில் தொட்டியின் வெப்பநிலையிலேயே உப்பைத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.040 ஆகும் அளவுக்கு ஏற்றிச் சில நிமிடம் முக்குங்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் அலசித் திருப்பி வைக்கலாம். விரலை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள்.

பாகான்_அக்கா:

பிடித்தால் கொல்லாதீர்கள் தம்பி, எனக்குக் கொடுங்கள். ஒரு சின்னத் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது, நான் ஃபெர்ரியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், ஓட்டை போட்டுவிடும், மூடியுள்ள கெட்டி டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு வையுங்கள்.