நானோ மருந்து எலியில வேலை செய்யுது, மனுஷனுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

பட்டறைக்காரன்:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற கேள்வி. அடிக்கடி நியூஸ்ல வருது, நானோ துகள் கேன்சர் செல்லை மட்டும் தேடிப்போய் அழிக்குது, எலியில கட்டி மொத்தமா கரைஞ்சிடுச்சுன்னு. அதோட சரி, அந்த மருந்து என்ன ஆச்சுன்னு அப்புறம் ஒருத்தரும் பேச மாட்டாங்க. இது நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல ஃபண்டிங்குக்காக பில்டப் குடுக்குறாங்களா? அப்புறம் டார்கெட்டிங் டார்கெட்டிங்னு சொல்றாங்களே, அந்தத் துகளுக்கு கேன்சர் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? நான் மெக்கானிக்கல், பயாலஜி பத்தாவதோட சரி, பாத்து புரியுற மாதிரி சொல்லுங்க.

குடுவை:
வரவே இல்லன்னு சொல்ல முடியாது ப்ரோ. டாக்சில்னு ஒரு நானோ கேன்சர் மருந்து 1995லயே எஃப்டிஏ, அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கிட்ட அனுமதி வாங்கிடுச்சு. டாக்சோரூபிசின்னு ஒரு பழைய கீமோ மருந்து, அதை 100 நானோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியான கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சிருப்பாங்க, அவ்ளோதான். அடைக்கிற விதம்தான் அட்டகாசம். உருண்டைக்குள்ள முதல்லயே அமோனியம் சல்பேட் இருக்கும், மருந்து சவ்வைத் தாண்டி உள்ள போனதும் சல்பேட்டோட சேந்து படிகமா உறைஞ்சிடும், அப்புறம் லேசுல வெளிய வர முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா நடுவுல ஒரு கோடு விழுந்து அப்படியே காபிக்கொட்டை மாதிரி தெரியும்.

ஆனா இதனால கட்டி சுத்தமா போயிடுச்சான்னா இல்ல. பரவுன மார்பகப் புத்துநோய்ல சாதா டாக்சோரூபிசினோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, நோயைக் கட்டுப்படுத்துறதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், இதயத்துக்கு வர்ற பாதிப்பு மட்டும் நல்லா குறைஞ்சுது. இதயத்துல ரத்தக்குழாய் சுவர் இறுக்கமா இருக்கும், உருண்டை அங்க கசியாது. அதுக்கு பதிலா உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து தோல் உரியுறதுன்னு புதுசா ஒரு பக்கவிளைவு வந்து சேந்துச்சு, அது வேற கதை.

ரேவதி பயோ:
துகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரத்தம் எங்க இழுத்துட்டுப் போகுதோ அங்க போகும். மேல ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கை மட்டும் பிடிச்சுக்குற புரதம், ஒட்டி விட்டாலும் அது செல்லுக்குப் பக்கத்துல போன பிறகுதான் பிடிக்கும், தூரத்துல இருந்து மோப்பம் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. அதுலயும் ரத்தத்துக்குள்ள இறங்குன உடனே புரதங்கள் வந்து மேல அப்பிக்கும், நீங்க கஷ்டப்பட்டு ஒட்டுன ஆன்டிபாடி அதுக்கு அடியில பாதி மூடிப் போயிடும்.

கட்டிக்குள்ள போகும்னு நம்புனதுக்குக் காரணம் 1986ல ஜப்பான்ல மாட்சுமுராவும் மயேதாவும் சொன்ன விஷயம், கட்டியோட ரத்தக்குழாய்ல ஓட்டை அதிகம், அதுவழியா பெரிய மூலக்கூறு கசிஞ்சு உள்ளயே தங்கிடும்னு. எலியில அது நல்லாவே நடக்குது. ஆனா எலிக்கணக்கைப் பாருங்க, 20 கிராம் எலிக்கு 1 கிராம் கட்டின்னா உடம்புல 5 சதவீதம், அதையே 70 கிலோ மனுஷனுக்குப் போட்டா மூன்றரைக் கிலோ கட்டி!! அதுவும் சில வாரத்துல வேகவேகமா வளந்தது, குழாய் ஒழுங்கா உருவாகவே நேரம் இருந்திருக்காது. மனுஷங்களுக்கு வருஷக்கணக்கா வளருது, ஆளுக்கு ஆள் மாறுது, ஒரே ஆள் உடம்புல ரெண்டு கட்டிக்கு நடுவுலயே மாறுது.

2016ல டொரன்டோ குழு ஒண்ணு அதுக்கு முந்துன 10 வருஷ பேப்பரையெல்லாம் எடுத்து கணக்குப் போட்டாங்க. ஊசியில ஏத்துன துகள்ல கட்டிக்குள்ள போய்ச் சேந்தது, எல்லா முடிவையும் வரிசையா அடுக்கி நடுவுல நிக்குறதை (மீடியன்) எடுத்தா, 0.7 சதவீதம். இத்தனைக்கும் இது எலியில. மிச்சத்துல பெரும்பங்கு கல்லீரல், மண்ணீரல் வாயிலதான்.

குடுவை:
ரேவதி மேடம், அந்த 0.7ஐ வச்சே எல்லாரும் அடிக்கிறாங்க, அது முழு நியாயம் இல்ல. சாதா கீமோ மருந்துலயும் கட்டிக்குப் போறது கொஞ்சமே கொஞ்சம்தான். எவ்ளோ போச்சுங்கறதோட எவ்ளோ நேரம் நின்னுச்சு, மத்த உறுப்புக்கு எவ்ளோ போகாம இருந்துச்சுன்னும் பாக்கணும்ல.

ரேவதி பயோ:
சரிதான், ஒத்துக்குறேன். ஆனா பேப்பர் தலைப்புல "தேடிப்போய் அழிக்கும்"னு போடுறாங்களே, என் சண்டை அதோடதான்.

பட்டறைக்காரன்:
அப்போ எல்லாம் கல்லீரலுக்குத்தான் போகுதுன்னா கல்லீரல் நோய்க்கே மருந்து செய்யலாமே? லூசுத்தனமா கேக்குறேனா தெரியல.

ரேவதி பயோ:
லூசுத்தனமே இல்ல, ஜெயிச்சதே அந்த வழியிலதான். 2018ல ஆன்பாட்ரோன்னு ஒரு மருந்து வந்துச்சு. பரம்பரையா வர்ற ஒரு அமிலாய்டு நோய், தப்பான புரதம் நரம்புல போய்ப் படியும், அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்யுது. அந்தப் புரதத்தைச் செய்ய விடாம தடுக்குற ஆர்என்ஏவை கொழுப்புத் துகளுக்குள்ள வச்சு ஏத்துறாங்க, ரத்தத்துல இருக்குற அப்போஈங்கற புரதம் தானா வந்து அதுமேல ஒட்டிக்குது, கல்லீரல் செல் அதை கொலஸ்ட்ரால் சரக்குன்னு நினைச்சு உள்ள இழுத்துக்குது. மேல நான் திட்டுன அதே புரதம் அப்பிக்குற சமாச்சாரம், இங்க உதவியா நிக்குது பாருங்க. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியும் இதே குடும்பத்துத் துகள்தான், அங்க தசையில குத்துறதால குறி பாக்குற தலைவலியே கம்மி.

பட்டறைக்காரன்:
செம. கடைசியா ஒண்ணு, கல்லீரல் பிடிக்காத அளவுக்குத் துகளை ரொம்பப் பொடிசா பண்ணிட்டா?

குடுவை:
சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழ போனா கிட்னி வடிகட்டி யூரின்ல தள்ளிடும் ப்ரோ, கட்டிப்பக்கம் போறதுக்குள்ள பாதி காலி. பெருசு பண்ணா கல்லீரல், சின்னது பண்ணா கிட்னி. அதே டொரன்டோ ஆளுங்க 2020ல வேற ரூட் பிடிச்சாங்க, எலிக்கு ஒரே டோஸ்ல 1 லட்சம் கோடி துகளுக்கு மேல ஏத்துனா கல்லீரல்ல துகளை விழுங்குற செல்லுங்க திணறிடுது, தப்பிச்சது கட்டிக்குப் போகுது, 12 சதவீதம் வரைக்கும் போச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மறுபடியும் எலி 😅 மனுஷனுக்கு அவ்ளோ துகளை ஏத்தி கல்லீரல் காவலைக் கொஞ்ச நேரம் ஓரங்கட்டி வைக்கிறது சேஃப்பான்னு டாக்டருங்க கேக்கத்தானே செய்வாங்க.