விக்டர் பிராங்கன்ஸ்டைனைக் கெடுத்தது தனிமையா?

கயல்விழி:
மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரைப் படைக்கும் விஞ்ஞானி விக்டர் அறம் தவறியதற்கு அவன் தேடிக்கொண்ட தனிமையே காரணம் என்று கருதுகிறேன். இங்கோல்ஸ்டாட் நகரில், மற்ற அறைகளோடு ஒட்டாத மாடி அறை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அடைந்து கிடக்கிறான். பிணக்கிடங்குகளில் எலும்பு பொறுக்குகிறான். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதையும் விட்டுவிடுகிறான். நுண்ணிய உறுப்புகளைச் செய்வது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பதற்காக உருவத்தை எட்டடி உயரத்தில் அமைக்கத் துணிகிறான். வேலை விரைவாக முடிய வேண்டும் என்று எடுத்த முடிவு அது. அவ்வளவு பெரிய உடலோடு அந்த உயிர் மனிதர் நடுவே எப்படி வாழும் என்று கேட்க அருகில் ஒருவரும் இல்லை.

நிலவன்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த உயிர் கண் விழித்த மறுநாள் காலையிலேயே நண்பன் கிளெர்வல் வந்து சேர்கிறான். காய்ச்சலில் விழுந்த விக்டரை மாதக்கணக்கில் உடனிருந்து கவனிக்கிறான். அவனிடமும் விக்டர் வாய் திறக்கவில்லை. பிறகு, தம்பியைக் கொன்றது தான் படைத்த உயிரே என்று உறுதியாக நம்பியும், குடும்பமே சூழ்ந்திருக்க, குற்றமற்ற வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டீன் அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைத் தனிமையின் கணக்கில் எழுத முடியாது. பொறுப்பேற்க மறுத்ததுதான் குற்றம்.

தனித்திருக்கும் விஞ்ஞானியே ஆபத்தானவர் என்று கதைகள் நம்மைப் பழக்கிவிட்டதால், நிறுவனங்கள் எளிதில் தப்பித்துவிடுகின்றன என்பது என் பெரிய கவலை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நடத்திய ஆய்வில், சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து கிடைத்த பிறகும் அதைத் தராமல் நோயின் போக்கை மட்டும் குறித்துவந்தார்கள். அங்கே ஒளிவுமறைவான ஆய்வகம் எதுவும் இல்லை. முடிவுகள் மருத்துவ இதழ்களில் அச்சாகின.

கயல்விழி:
டஸ்கீகியில் மருத்துவர்களுக்குச் சக மருத்துவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால், பாதிக்கப்படுகிறவர்களின் குரல் எட்டாத இடத்தில் எத்தனை பேர் கூடியிருந்தாலும் அதையும் நான் தனிமை என்றே சொல்வேன். அதே நாவலில் வட துருவத்தை நோக்கிச் செல்லும் வால்டனின் கப்பல் பனியில் சிக்குகிறது. மாலுமிகள் அவன் அறைக்கே வந்து, வழி திறந்தால் ஊர் திரும்புவதாக உறுதி தரச் சொல்கிறார்கள். அவனும் விக்டரைப் போலவே வெறி பிடித்தவன்தான், ஆனாலும் திரும்புகிறான். சாகக்கூடியவர்கள் எதிரே நின்று பேசினார்கள். அதே கப்பலில் உயிர் ஊசலாடக் கிடக்கும் நிலையிலும், பின்வாங்காதீர்கள் என்று அவர்களுக்கு உரையாற்றுகிறவன் விக்டர்.

நிலவன்:
அந்த மாலுமிகளிடம் மறுக்கும் வலிமை இருந்தது. அதனால்தான் கப்பல் திரும்பியது. வால்டனோ இப்படித் திரும்புவதைவிடச் சாவதே மேல் என்று எழுதுகிறான். டஸ்கீகியில் இருந்தவர்களுக்கு உண்மையே சொல்லப்படாததால் மறுக்கவும் வழியில்லை.

தாங்கள் விட்டுவிட்ட ஓர் இடத்தையும் பார்க்க வேண்டும். முதல் உயிர் தனக்கொரு துணை கேட்க, விக்டர் அதற்கு இணங்குகிறான். அந்த இரண்டாவது உயிரை, ஒரு பெண்ணை, படைக்க ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் ஆள் அரவம் குறைந்த ஒரு குடிசைக்குப் போகிறான். நாவலிலேயே அவன் மிகத் தனித்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கேதான், தான் பிறக்கும் முன்பே மற்றவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவள் ஏற்க மறுக்கலாமே என்ற எண்ணம் அவனுக்கு முதன்முறையாக வருகிறது. முதல் உயிரைப் படைத்தபோது எழாத அந்தக் கேள்வி, தனிமையில் எழுந்திருக்கிறது. தனிமைதான் அவனைக் கெடுத்தது என்றால், இதற்குத் தாங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்?