செஸ் என்ஜினே முழிச்ச பொசிஷன், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மன்னார்குடிக்காரன்: போன மாசியில டிபிசி (அரசு நெல் கொள்முதல் நிலையம்) வாசல்ல நெல்லைக் கொட்டிட்டு மூணு ராத்திரி காவல் படுத்திருந்தேன். தூக்கம் வராம பழைய போன்ல ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் என்ஜினை ஓடவிட்டு 1998 லினாரெஸ் போட்டியில டோப்பலோவும் ஷிரோவும் ஆடின கேமை எடுத்தேன், 47வது மூவ்ல கறுப்புல ஆடின ஷிரோவ் தன் பிஷப்பை எச்3 கட்டத்துல கொண்டுபோய் வெட்டுக்கு வைக்கும்ல அந்த கேம்தான். அரைமணி நேரம் ஓடியும் அந்த மூவ் முதல் அஞ்சுல கூட வரல. போன் கொதிக்குது, படுதா மேல வைக்க பயந்து தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சேன்.

அப்புறம் நானே கையால எச்3 போட்டேன். வெள்ளை வெட்டுது, ராஜா எஃப்5, அடுத்து இ4, உள்ள போகப்போக என்ஜின் போடுற மதிப்பெண் கறுப்பு பக்கம் ஏறுது. ஒவ்வொரு மூவா பின்னாடி வந்து பழைய இடத்துல நிறுத்தினா எச்3 முதல் மூவா வந்து நிக்குது! உள்ள பாத்ததை ஹாஷ் டேபிள்ல, அதாவது என்ஜினோட ஞாபகத்துல, வச்சிருக்கு. அதுக்கு முன்னாடி பிஷப் போச்சுன்னு அந்தக் கிளையை மேலோட்டமா பாத்துட்டு விட்டிருக்கு. அந்த பிஷப் எஃப்5ல ராஜா போற வழியிலயே உக்காந்திருந்துச்சு, எழுந்து வழி விட்டதுல ஒரு மூவ் மிச்சம், கேமே அந்த ஒரு மூவ்லதான். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

கும்பகோணம்: எனக்கு சுக்ஸ்வாங் பொசிஷன்ல, அதாவது எந்த மூவ் பண்ணாலும் நிலைமை மோசமாகுற இடத்துல, நடந்துச்சு. நம்ம முறையை விட்டுக்கொடுத்தும் நிலைமை நல்லா இருந்தா அந்தக் கிளையை மேல தோண்டாம என்ஜின் வெட்டுறதுதான் நல் மூவ் (null move), ஆனா சுக்ஸ்வாங்ல மூவ் பண்றதே ஆபத்து, அந்தக் கணக்கு அங்க பொய்யாயிடும். செட்டிங்ல அதை ஆஃப் பண்ணதும் விடை வந்துடுச்சு.

திருவாரூர்: 2017ல இயற்பியல் விஞ்ஞானி ரோஜர் பென்ரோஸ் பேர்ல ஒரு பொசிஷன் வந்துச்சே, கறுப்புக்கு மூணு பிஷப். என் லேப்டாப்ல இருந்த என்ஜின் கறுப்புதான் ஜெயிக்கும்னு அடிச்சு சொல்லுது. ஏழாவது படிக்கிற என் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, "அப்பா, மூணு பிஷப்பும் கறுப்புக் கட்டத்துலதான் போகுது, ராணியும் யானையும் அடைபட்டுக் கெடக்கு, வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டத்துலயே சுத்தினா யாரு செக் வைப்பா?"ங்கறா. வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இல்லாம 50 மூவ் போனா டிராதான். அன்னிக்கு அவளைப் பத்தி நாலு பேர் கிட்ட போன் போட்டு பெருமையா சொன்னேன்.

மன்னார்குடிக்காரன்: அண்ணே, அந்த பொசிஷனை அனுப்புங்க, ராத்திரியே போட்டுப் பாக்குறேன்.