மறு: எக்ஸோனிம், எண்டோனிமுக்குத் தமிழ் – வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். இடைக்கால ஐரோப்பா பாடநூலில், ரஷ்யாவுக்குப் பெயர் தந்த ரூஸ் மக்களைப் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இனத்துக்குப் பிறர் வைத்த பெயருக்குப் 'புறப்பெயர்', தாமே சொல்லிக்கொள்வதற்கு 'அகப்பெயர்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– ம.

அகம், புறம் என்றாலே பையன்கள் குறுந்தொகைக்குப் போய்விடுவார்கள். அயற்பெயர், தற்பெயர் என்று வையுங்கள். 'இடுபெயர்' மட்டும் வேண்டாம், நன்னூலாரின் இடுகுறியோடு குழம்பும். இன்னொன்று: ரூஸ் அல்ல, உரூசு. ரகரம் மொழிமுதல் வராது.
– இரா.

ஐயா, உரூசு என்றால் எங்கள் ஊரில் தர்கா விழா. சந்தனக்கூடு எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.
– நா.

சிரியுங்கள். அங்கேரியர் இன்றும் ரஷ்யரை 'ஒரோஸ்' என்கிறார்கள், கசாக்கியர் 'ஓரிஸ்' என்கிறார்கள். பழைய துருக்கிய மொழிகளிலும் ரகரம் முதலில் நிற்காது, முன்னால் ஓர் உயிர் வந்து ஒட்டும். தொல்காப்பியர் விதி புல்வெளி நாட்டிலும் செல்லுபடி!
– இரா.

என் சிக்கல் வேறு, ஐயா. பின்னிய மொழியில் 'ருவோட்சி' என்றால் சுவீடன். அதற்கு மூலம் துடுப்பு வலித்தலைக் குறித்த நோர்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல் என்பதே பெரும்பான்மைக் கருத்து. துடுப்புக்காரர் சொன்னதைப் பின்னியர் பிடித்து, சிலாவியர் அவர்களிடம் வாங்கி, கடைசியில் அந்த மக்களே தம்மை அப்படி அழைத்துக்கொண்டார்கள். 839இல் ஜெர்மனியின் இங்கெல்ஹைமில் பிராங்கியப் பேரரசர் லூயியிடம் வந்தவர்கள் தம் இனத்தை 'ரோஸ்' என்றார்கள், விசாரித்தால் சுவீடர். இது அயலா, தன்னா?
– ம.

நீப்பரின் துணையாறு ரோஸ் இருக்க, சுவீடனுக்கு ஏன் போகிறீர்கள்?
– கு.

கு., ரூஸ் மக்கள் ஸ்காண்டிநேவியரா சிலாவியரா என்று 1749இல் அறிஞர்கள் முல்லரும் லொமொனோசொவும் போட்ட சண்டையை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம். ஆட்பெயர்களைப் பாருங்கள். பைசாந்தியத்தோடு செய்த 911 ஒப்பந்தத்தில் ரூஸ் தூதர்கள் கார்ல், இங்கெல்ட், ஃபார்லாஃப், வெர்முண்ட். ரூஸ் மன்னர் இங்வார் இகோர் ஆனார், அவர் மனைவி ஹெல்கா ஓல்கா ஆனார். அவர்கள் பிள்ளைக்கு வைத்த பெயரோ ஸ்வியாதொஸ்லாவ், அசல் சிலாவியம். பத்தாம் நூற்றாண்டுப் பைசாந்தியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிய நூலில் மெல்லினம் போகாமல் 'இங்கோர்' என்றே இருக்கிறது. நீப்பரின் பாய்ச்சல் (ஆறு பாறைகள்மேல் வேகமாகப் பாயும் இடம்) ஒன்றுக்கு ரூஸ் மொழியில் 'உல்வோர்சி', சிலாவியத்தில் 'ஒஸ்த்ரோவுனிப்ராக்' என்று இரு பெயரும் தருகிறார். இரண்டுக்கும் பொருள் 'தீவுப் பாய்ச்சல்'. ரூஸ் மொழி சிலாவியம் அல்ல என்றால், உங்கள் ரோஸ் ஆறு எங்கே போகும்?
– நா.

ஒரு பாய்ச்சலை வைத்து இனத்தின் பெயரையே முடிவு செய்வீர்களா?
– கு.

அயலார் வழியே வந்து தனதானதற்குத் 'தழுவுபெயர்' எனலாம்.
– இரா.

தழுவுபெயர் அழகு. தற்பெயர்தான் தற்பெருமை மாதிரி ஒலிக்கிறது. எங்கள் தமிழைத் தெலுங்கர் 'அரவம்' என்கிறார்களே, பேசாமல் 'ஊரார் வைத்த பெயர்' என்று போடக்கூடாதா? பிள்ளைகளுக்கு உடனே புரியும்.
– நா.

அட்டவணைக் கட்டத்துக்குள் அது அடங்காது. அயற்பெயர், தற்பெயர், தழுவுபெயர் மூன்றையும் போட்டுவிட்டேன். கு. ஐயாவுக்காக ரோஸ் ஆறு அடிக்குறிப்பில். எழுத்து மட்டும் ரூஸ்தான்.
– ம.

அப்படியானால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.
– இரா.