ஓவிய வகுப்பில் கண்டவை: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

தஞ்சாவூர் மாவட்டம், நடுநிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர்:

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். சிறு பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் நாம் அனைவரும் ஒரே படத்தைத்தான் முதலில் பார்த்திருப்போம். விருப்பமானதை வரையலாம் என்று சொல்லித் தாளைக் கொடுத்தவுடன், மேலே இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் கதிர் விரித்த அரைச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓர் ஓட்டு வீடு, அதன் அருகில் ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள் என்று வரிசை மாறாமல் வந்து விழும். எங்கள் பள்ளி காவிரிப் படுகையில் இருக்கிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். மலையை நேரில் கண்டிராத பிள்ளைகள்கூட அந்த இரண்டு மலைகளையும் சிறிதும் தயங்காமல் போட்டுவிடுகிறார்கள். அண்ணன் நோட்டிலிருந்தும், கடையில் விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்திலிருந்தும், சில வேளைகளில் வகுப்பாசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டியதிலிருந்தும் அது அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் படத்தை நான் தடுப்பதில்லை. முதல் தாளில் அதை வரைந்து தீர்த்துவிடட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டாவது தாளைக் கொடுக்கும்போது, பள்ளிக்கு வரும் வழியில் உனக்குப் பயம் தருவது எது என்பதுபோல, ஆளுக்கு ஆள் விடை மாறும் கேள்வி ஒன்றைக் கேட்பேன். மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தெரு நாயை வரைந்தாள். நாய் தாளை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றது. வீடுகளெல்லாம் அதன் முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நகரப் பேருந்து ஒன்றை, வெளித்தகடும் தெரியும்படி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்களும் தெரியும்படி வரைந்திருந்தான். குளத்தை வரைந்தவன் தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, நான்கு கரைகளிலும் மரங்களை வெளிப்பக்கமாகப் படுக்க வைத்திருந்தான்.

இவை எதுவுமே பிழை இல்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். வியன்னாவில் ஆசிரியராக இருந்து பின்னர் அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்டு, 1947-இல் வெளியான தம் நூலில், முக்கியமானதைப் பெரிதாக்குவதும், சுவருக்கு உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதும், மடித்து விரித்தாற்போல வரைவதும் ஏழிலிருந்து ஒன்பது வயது வரையிலான குழந்தையின் இயல்பு என்று விளக்கியிருக்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டில் யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. "நாய் எங்கேயாவது வீட்டைவிடப் பெரிசா இருக்குமாடி?" என்று வீட்டில் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த வகுப்பில் என்ன கேள்வி கேட்டும் பயனில்லை. அவள் இரண்டு மலைகளையும் அரைச் சூரியனையும் வரைந்து கொடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் படத்துக்கும் பெரியவர்களின் திருத்தத்துக்கும் நடுவில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.

ஈரோடு மாவட்டம், தொடக்கப் பள்ளி ஆசிரியை:

ஐயா, எங்கள் பள்ளியில் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. எல்லாப் பாடங்களையும் நடத்தும் நானே ஓவியத்தையும் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் திருத்தத்தை நான் வடிவத்தைவிட நிறத்தில்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கிரேயான் டப்பாவில் இருக்கும் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சிக்கு என் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "ஸ்கின் கலர்". மனிதர் யாரை வரைந்தாலும் முகத்துக்கு அதுதான். எல்லா டப்பாவிலும் அந்தக் குச்சிதான் முதலில் தேய்ந்து முடியும், அதற்காக அடிதடியும் நடக்கும். இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமே அத்தகைய ஒரு குச்சிக்குச் சதை நிறம் என்று பொருள்படும் பெயரை வைத்திருந்து, 1962-இல்தான் அதைப் பீச் பழத்தின் பெயருக்கு மாற்றியது. நம் வகுப்பறைகளில் அந்தப் பழைய பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒருநாள் அந்தக் குச்சிகளை மட்டும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, முன்கையைத் தாளின்மீது வைத்து, பழுப்பு, மஞ்சள், சிவப்பு, கருப்பு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துத் தம் கையின் நிறத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அன்றைக்குப் போல அந்த வகுப்பு அவ்வளவு நேரம் ஒரே வேலையில் மூழ்கியிருந்து நான் பார்த்ததில்லை. உள்ளங்கைக்கும் புறங்கைக்கும் ஏன் வேறு நிறம் என்று ஒருவன் கேட்டான். "டீச்சர், என் கலரு டப்பாவுலயே இல்ல, நான்தான் செஞ்சேன்" என்று இன்னொருத்தி பெருமையோடு காட்டினாள். அடுத்து வீட்டில் உள்ளவர்களை வரையச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு மாணவனின் பாட்டி படத்துடன் வாசலில் நின்றார். "ஏம்மா, என்னைய இப்படிக் கருப்பாப் போடச் சொன்னது நீதானா?" என்று கேட்டார். படத்தில் இருந்தவர் அவர்தான். பாம்படமும் வெற்றிலைப் பையும்கூட விடுபடவில்லை. உங்களைப் பார்த்துத்தானே பாட்டி போட்டிருக்கிறான் என்றேன். சற்று நேரம் படத்தையும் தம் கையையும் மாறிமாறிப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். எல்லாருடைய வீட்டிலும் இப்படி முடிவதில்லை. பெண் குழந்தையைக் கருப்பாக வரைந்ததற்காகத் தாளைக் கிழித்துப் போட்ட வீடும் உண்டு.

விருதுநகர் மாவட்டம், பகுதிநேர ஓவிய ஆசிரியர்:

வகுப்பாசிரியர்களையும் பெற்றோர்களையும் மட்டும் குறை சொல்வது சரியாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத்தான் கலைக் கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடும் இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டபோது, வாரத்துக்கு மூன்று அரைநாள் என்பதுதான் ஏற்பாடு. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தாலும் பணி நிரந்தரம் இன்றுவரை கோரிக்கையாகவே நிற்கிறது. அந்த அரைநாளிலும் பாதி, பெயர்ப்பலகை எழுதுவதிலும், சுவரில் திருவள்ளுவர் வரைவதிலும், அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றால் சார்ட் தயாரிப்பதிலும் போய்விடும். இந்த நிலையில் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தைப் போட்டுவிட்டு "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுத்து வேலையைப் பார்ப்பவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை.

வண்ணம் இல்லாத நாட்களில் நான் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவைக் கொடியின் இலையைத் தேய்த்தால் பச்சை, செங்கல் தூள், அடுப்புக்கரி, மஞ்சள் என்று பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். மஞ்சள் குழம்பில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நீரைப் போலச் சிவந்துவிடும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் மறுபடியும் மஞ்சளாகும். இதைக் கண்டுகொண்ட நாளில் யாருக்கும் மலை நினைவுக்கு வரவில்லை. சிவப்புத் தாளில் எலுமிச்சையைக் கொண்டு மஞ்சள் கோடு வரைவதிலேயே பாடவேளை முடிந்துவிட்டது. எடுத்துக் காப்பியடிக்க ஒரு மாதிரிப் படம் இல்லாத பொருளைக் கொடுத்தால், அந்தப் பழக்கம் தானாகவே சிறிது நேரம் விலகி நிற்கிறது.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை:

பார்த்து வரைவதை இவ்வளவு தாழ்த்த வேண்டுமா? நாம் எல்லோரும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளிலும் பார்த்து வரைந்து தேறி, டி.டி.சி. என்னும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்து வந்தவர்கள்தான். கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வைத்த புள்ளிகளையும் இழைகளையும் அப்படியே திரும்பப் போட்டுத்தான் பெண் பிள்ளைகள் பழகுகிறார்கள். மார்கழி முடிவதற்குள் அவர்களே புதிதாக ஒன்றை இழுத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கோடு நடுங்குவதில்லை. எனக்கு உறுத்துவது போட்டிகள்தான். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழா உண்மையாகவே நல்ல ஏற்பாடு, மேடையே ஏறாத பிள்ளைகள் அதில் ஏறினார்கள். ஆனால் ஓவியப் போட்டி என்றவுடன் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, ஒரு மாதம் அதே படத்தைப் போட வைத்துப் பழக்கி அனுப்பும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. நடுவராக ஒருமுறை உட்கார்ந்தபோது, மரத்தைக் கைகளாக மாற்றிய ஒரே 'இயற்கையைக் காப்போம்' படத்தைப் பல பள்ளிகளின் பெயரில் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்:

மதுரை அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோலம் பழகும் பிள்ளை நெளிவைத் தவறவிட்டால் இழை சேராது, அது அவளுக்கே தெரிந்துவிடும்; வெளியிலிருந்து ஒருவர் சிரிக்க வேண்டியதில்லை. தாளில் வரைந்த நாய்க்கு அப்படியொரு விதி கிடையாது என்பதால்தான் சிரிப்பவரின் சொல் விதியாகிவிடுகிறது.

நான் அதிகம் கவலைப்பட்டது ஐந்தாம், ஆறாம் வகுப்புகளைப் பற்றித்தான். அதுவரை தயங்காமல் வரைந்த பிள்ளை, பத்து வயதை ஒட்டி, தான் வரைந்தது நிஜத்தைப்போல் இல்லை என்பதைத் தானாகவே கண்டுகொள்கிறது. அப்போது கையில் ரப்பர் வந்துவிடும். கோட்டைவிட அழித்த தடம்தான் தாளில் மிகுந்திருக்கும். "எனக்கு வரையவே வராது சார்" என்ற சொல்லும் அப்போதுதான் பிறக்கும். அந்த வயதில் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளித் தோட்டத்தில் ஒரு பூசணிக் கொடியின் முன் உட்கார வைத்து, பற்றுக்கம்பி எப்படிச் சுருள்கிறது என்று மட்டும் பார்த்து வரையச் சொல்வேன். சாந்திநிகேதனில் பயின்று 1944 முதல் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், ஓவியத்தைத் தோட்டம், மண்பாண்டம் போன்ற அன்றாட வேலைகளோடு சேர்த்தே வைத்திருந்தார் என்று படித்தபோது, நமக்கும் அந்த வழி ஒத்துவருகிறதே என்று மகிழ்ந்தேன்.

சிறிய பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. படத்துக்கு மதிப்பெண்ணோ 'நன்று' என்ற சொல்லோ எழுதாதீர்கள். இது என்ன என்று குழந்தையிடம் கேட்டு, அது சொல்லும் வாக்கியத்தைத் தாளின் பின்பக்கத்தில் அதன் சொற்களிலேயே எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள்.

தஞ்சாவூர் மாவட்டம், நடுநிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர்:

நன்றி ஐயா. உங்கள் யோசனையைச் செய்து பார்த்தேன். நாயை வரைந்த மாணவி இந்த முறை ஆற்றில் குளிக்கும் தாத்தாவை வரைந்தாள். தண்ணீருக்குள் இருக்கும் கால்களும் மீன்களும் தெரிந்தன. "தாத்தா காலை மீன் கடிக்குது, அவருக்குக் கூசுது" என்று அவள் சொன்னதைப் பின்பக்கம் எழுதி அனுப்பினேன். வீட்டில் யாரும் அளவைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ கேட்கவில்லையாம். எந்த மீன் என்று தாத்தா கேட்டாராம், கெண்டை என்றாளாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் பெற்றோர் வரும்போது, இப்படி எழுதிய படங்களைத் திருப்பி வைத்து, முதலில் வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பிறகு படத்தைப் பார்க்கும்படி கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட இருக்கிறேன். சுண்ணாம்புச் சோதனையைச் செய்பவர்கள் நகலெடுக்கும் தாளைப் பயன்படுத்த வேண்டாம், நனைந்தவுடன் கிழிந்துவிடுகிறது. வெள்ளைச் சார்ட் ஒன்றை எட்டாக வெட்டிக் கொடுத்தால் தாங்குகிறது.